சப்பாத்தியா, கேழ்வரகா, தூக்கமா? அண்ணன் சர்க்கரைக்கு எதை முதலில் மாற்றுவது

அண்ணனுக்கு ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 8.3 என்று வந்த அன்று சாயங்காலமே வீட்டில் நான்கு கட்சி உருவாகிவிட்டது. அண்ணி சப்பாத்திக் கட்சி. அம்மா கேழ்வரகுக் கட்சி. சித்தப்பா, இருபது வருடமாக மாத்திரையோடு தான் நன்றாகத்தானே இருக்கிறேன் என்பவர், பேசாமல் மாத்திரையைக் கூட்டச் சொன்னார். நான் வாயைத் திறந்து "இவர் ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்குகிறார் என்று யாராவது கேட்டீர்களா?" என்றதும், பரிகாரம் செய்தால் சரியாகிவிடும் என்று சொன்னவளைப் பார்ப்பதுபோல எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

அண்ணனுக்கு 46 வயது, மதுரையில் மளிகைக் கடை. விடிகாலை 4:15-க்கு எழுந்து மாட்டுத்தாவணி மார்க்கெட்டுக்குக் காய்கறி எடுக்கப் போவார். கடை சாத்தும்போது ராத்திரி பத்தைத் தாண்டிவிடும், அப்புறம் கணக்கு, குளியல், சாப்பாட்டில் உட்காரும்போது 10:45. சாப்பிட்ட கையோடு போன். படுக்கும்போது பன்னிரண்டுக்குக் கால் மணி. மதியம் கடையில் கூட்டம் இருப்பதால் இரண்டு வாய் அள்ளிப் போட்டுக்கொள்வதோடு சரி, ஆக அவருக்கு நாளின் உண்மையான சாப்பாடே அந்த ராத்திரிச் சாப்பாடுதான். மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு என்று இரண்டு சர்க்கரை மாத்திரைகள் ஏற்கெனவே ஓடுகின்றன. ஹெச்பிஏ1சி 8.3 என்றால் மூன்று மாதமாக ரத்தச் சர்க்கரை சராசரியாக 190 பக்கம் நின்றிருக்கிறது என்று கணக்கு.

அவர் வைத்த நிபந்தனை ஒன்றுதான். "ஒண்ணு சொல்லு, செய்றேன். ஒம்பது சொன்னா எதுவும் செய்ய மாட்டேன்." இது பிடிவாதம் மாதிரித் தெரிந்தாலும் நியாயமான பேச்சு. சர்க்கரைக்காரர்களுக்குக் கிடைக்கும் அறிவுரைச் சீட்டில் பதினைந்து வரி இருக்கும், அதில் எது பெரிது எது சிறிது என்று எங்கேயும் எழுதியிருக்காது. அதனால் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தோம்.

முதலில் சப்பாத்தி. அண்ணி இதில் உறுதியாக இருந்தார், சோறுதான் எதிரி என்று. வீட்டில் தராசு இல்லையென்றால்தான் கஷ்டம், எங்களுக்கோ கடையே இருக்கிறது. சாதப் பாத்திரத்தை அண்ணன் சாப்பிடும் முன்பும் சாப்பிட்ட பின்பும் கடைத் தராசில் வைத்தோம். சாம்பாருக்கு ஒருமுறை, ரசத்துக்கு ஒருமுறை, மோருக்கு ஒருமுறை என்று உள்ளே போயிருந்தது 420 கிராம். அண்ணனே நம்பவில்லை, தராசைத் தட்டிப் பார்த்தார், வாடிக்கையாளர்கள் அவரிடம் செய்வதுபோல. வெந்த வெள்ளைச் சோறு 100 கிராமில் மாவுச்சத்து 28 கிராம் வரை இருக்கும். அப்படியானால் ஒரே வேளையில் கிட்டத்தட்ட 118 கிராம்.

அடுத்த நாள் சப்பாத்தி. ஒன்றுக்கு 30 கிராம் மாவு, அதில் மாவுச்சத்து 21 கிராம் அளவுக்கு. நான்கு சாப்பிட்டார், 84 கிராம். அண்ணி முகத்தில் வெற்றிச் சிரிப்பு. ஆனால் அந்த 84 கிராம் 300 கிராம் சோற்றிலும் கிடைக்கும்! ஜெயித்தது கோதுமை இல்லை, குறைந்த அளவு. முழுக் கோதுமை மாவில் நார் கொஞ்சம் கூடுதல், வெள்ளைச் சோற்றைவிடச் சற்று மெதுவாகச் செரிக்கும், அதை மறுக்கவில்லை. மாவைச் சலித்துத் தவிட்டை எடுத்துவிட்டு, தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கு குருமாவும் வைத்தால் அந்தக் கூடுதலும் போச்சு.

என்னைக் கேட்டால் சப்பாத்தியின் பெரிய பலமே அதை எண்ண முடியும் என்பதுதான். நான்கு என்றால் நான்கு. சோற்றை யார் எண்ணுவது? "இன்னும் கொஞ்சம்" என்று கரண்டி வரும்போது அது 40 கிராமா 90 கிராமா என்று போடுகிறவருக்கும் தெரியாது, வாங்குகிறவருக்கும் தெரியாது. சோற்றில் கையை நிறுத்த முடியாதவர்களுக்குச் சப்பாத்தி நல்ல வேலி. அதைத் தாண்டி அதில் மந்திரம் எதுவும் இல்லை, ஆறு சப்பாத்தி சாப்பிட்டால் 126 கிராம், பழைய சோற்றுக் கணக்கையே தாண்டிவிடும்.

அம்மாவின் கேழ்வரகுக்கு வருவோம். அண்ணன் கடையிலேயே சிறுதானியப் பாக்கெட் நன்றாக விற்கிறது, அதனால் அவர் இந்தப் பேச்சை வியாபாரியாகவும் கேட்டுக்கொண்டிருந்தார். கேழ்வரகில் நார் அதிகம், சுண்ணாம்புச் சத்தில் தானியங்களுக்குள் அதற்கு நிகரே இல்லை. ஆனால் மாவுச்சத்து அரிசிக்குப் பக்கத்தில்தான். அதிலும் நைசாக அரைத்த மாவைக் கூழாகக் காய்ச்சிக் குடித்தால் அரிசிக் கஞ்சிக்குப் போட்டியாகச் சர்க்கரையை ஏற்றிவிடும், ஏனென்றால் செரிப்பதற்கு வயிறு செய்ய வேண்டிய வேலையில் பாதியை மாவு மில்லும் அடுப்பும் முடித்துவிடுகின்றன. சாமை, வரகு, குதிரைவாலியை முழு மணியாகச் சமைத்தால் பரவாயில்லை, அதையும் வெள்ளை வெளேரென்று தீட்டி விற்பதை வாங்கினால் பெயர் மட்டும்தான் சிறுதானியம்.

தவிடு நீக்காத தானியத்துக்கு மதிப்பே இல்லை என்று நான் சொல்லவரவில்லை. சென்னையில் டாக்டர் வி. மோகன் குழுவினர் 2014-ல் வெளியிட்ட ஆய்வில், கூடுதல் எடை உள்ளவர்களுக்கு வெள்ளை அரிசிக்குப் பதில் கைக்குத்தல் மாதிரியான பழுப்பு அரிசி கொடுத்து நாள் முழுக்கச் சர்க்கரையைக் கருவியில் அளந்தார்கள். 24 மணி நேர ஏற்றம் சுமார் 20 சதவீதம் குறைந்தது, அதோடு பயறு வகையும் சேர்ந்தபோது 23 சதவீதம். இது சின்ன விஷயம் இல்லை. எங்கள் வீட்டுச் சிக்கல் வேறு: ராத்திரி 10:45-க்கு, பதினெட்டு மணி நேரம் நின்று வந்த மனிதன் முன்னால் வரகுச் சோற்றை வைத்தால் மூன்று நாள் சாப்பிடுவார், நான்காம் நாள் "சோறு இருக்கா?" என்பார். முன்பு ஒருமுறை நடந்தது அதுதான்.

மூன்றாவது வழியை யாரும் கட்சி கட்டி முன்வைக்கவில்லை, ஆனால் எனக்குப் பிடித்தது. அதே சோறு, அளவு குறைவு, வரிசை மாற்றம். அமெரிக்காவில் வைல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் 2015-ல் இரண்டாம் வகைச் சர்க்கரை உள்ள 11 பேருக்கு ஒரே சாப்பாட்டை இரண்டு வரிசையில் கொடுத்தார்கள். ரொட்டி முதலில் ஒரு நாள், கோழியும் காயும் முதலில் சாப்பிட்டுக் கால் மணி நேரம் கழித்து ரொட்டி இன்னொரு நாள். காய் முதலில் போன நாளில் ஒரு மணி நேரச் சர்க்கரை 37 சதவீதம் குறைவாக இருந்தது. ஒரு கிராம்கூடக் குறைக்கவில்லை, வரிசைதான் மாறியது. பதினொரு பேர் என்பது சின்னக் கூட்டம்தான், ஆனாலும் செலவே இல்லாத வழி. நம் தட்டில் இதைச் செய்ய ஒரு பழக்கத்தை உடைக்க வேண்டும். பொரியலை நாம் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும் பொருளாகத்தான் பார்க்கிறோம், தனியாக ஒரு கிண்ணம் அவரைக்காயைச் சாப்பிடு என்றால் "நான் என்ன மாடா?" என்கிறார் அண்ணன். சுண்டல் என்றால் மட்டும் மறுப்பு இல்லை.

சரி, இப்போது தூக்கம். 1999-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஆரோக்கியமான இளைஞர்கள் 11 பேரை ஆறு ராத்திரி நான்கு மணி நேரம் மட்டும் தூங்கவிட்டார்கள். சர்க்கரை நோய் எதுவும் இல்லாதவர்கள். அதன்பின் சர்க்கரையை ஊசியில் ஏற்றிப் பார்த்தால், நன்றாகத் தூங்கிய நாட்களை ஒப்பிட உடல் அதை ரத்தத்திலிருந்து அகற்றும் வேகம் 40 சதவீதம் குறைந்திருந்தது. 2008-ல் அதே ஊரில் இன்னும் குரூரமான ஒரு சோதனை: தூங்கும் நேரத்தைக் குறைக்காமல், ஆழ்ந்த தூக்கம் வரும்போதெல்லாம் விழிக்காத அளவுக்குச் சத்தம் எழுப்பி அதை மட்டும் கலைத்தார்கள். மூன்றே ராத்திரியில் இன்சுலினுக்கு உடல் இணங்குவது 25 சதவீதம் அளவுக்குக் குறைந்தது. எட்டு மணி நேரம் படுத்திருந்தேன் என்பது மட்டும் போதாது என்பது இதில் தெரிகிறது.

காரணம் புரியாத ஒன்றல்ல. தூக்கம் குறைந்தால் உடல் அதை ஆபத்து நேரமாக எடுத்துக்கொள்கிறது. கார்ட்டிசால் என்ற பதற்ற ஹார்மோன் கூடாத நேரத்தில் கூடுகிறது, தசை சர்க்கரையை வாங்கத் தயங்குகிறது. அதற்கு மேல் பசி. குறைவாகத் தூங்கியவனுக்குப் பசி வருவது கீரைக்காக இல்லை, முறுக்குக்கும் மிக்சருக்கும்தான். அண்ணன் கல்லாவுக்குக் கீழே ஒரு டப்பா வைத்திருக்கிறார், சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் அதன் மூடி மூடியிருந்து நான் பார்த்ததில்லை.

2022-ல் வந்த ஆய்வு ஒன்றுதான் என்னை இந்தப் பக்கம் சாய்த்தது. ஆறரை மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கும், எடை கூடிய 80 பேர். பாதிப் பேருக்குத் தூக்கத்தை நீட்டுவது எப்படி என்று மட்டும் ஆலோசனை சொன்னார்கள், சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவர்கள் ராத்திரிக்கு 1.2 மணி நேரம் கூடுதலாகத் தூங்கினார்கள், சாப்பாடு ஒரு நாளைக்கு 270 கலோரி தானாகவே குறைந்தது. 270 கலோரி என்றால் வெந்த சோறு 200 கிராம். சோற்றிலிருந்து சப்பாத்திக்கு மாறி நாங்கள் மிச்சம் பிடித்த 34 கிராம் மாவுச்சத்தைச் சோறாக்கினால் 120 கிராம்தான் வரும்.

ஆனால் தூக்கக் கட்சிக்காரி என்பதற்காக நான் பொய் சொல்ல முடியாது. அந்த 80 பேர் சர்க்கரை நோயாளிகள் இல்லை. தூக்கம் கெட்டால் சர்க்கரை கெடும் என்பதற்கு ஆதாரம் உறுதியாக இருக்கிறது. தூக்கத்தைச் சரிசெய்தால் ஹெச்பிஏ1சி இத்தனை இறங்கும் என்று கையடித்துச் சொல்லும் அளவுக்கு இல்லை. சாப்பாட்டுக்கு அது இருக்கிறது. பிரிட்டனில் நடந்த டைரக்ட் ஆய்வில் நாளுக்கு சுமார் 850 கலோரியாக மூன்று முதல் ஐந்து மாதம் சாப்பாட்டைச் சுருக்கியவர்களில் 46 சதவீதம் பேருக்கு ஒரு வருடத்தில் மாத்திரையே இல்லாமல் சர்க்கரை கட்டுக்குள் வந்தது, 15 கிலோவுக்கு மேல் எடை குறைந்தவர்களில் 86 சதவீதம் பேருக்கு. அதுவும் டாக்டர் கண்காணிப்பில், சர்க்கரை வந்து ஆறு வருடத்துக்குள் இருந்தவர்களுக்கு. தூக்கம் இதற்குப் பக்கத்தில்கூட வராது. எண்களை மட்டும் வைத்துப் போட்டி என்றால் தட்டுதான் ஜெயிக்கும்.

அப்புறம் ஏன் தூக்கம் என்கிறேன்? நாலரை மணி நேரம் தூங்குகிறவரால் தட்டு விஷயத்தில் எதையும் நிறுத்திப் பிடிக்க முடியவில்லை, நாங்கள் பார்த்துவிட்டோம். இன்னொன்று குளுக்கோமீட்டர் சொன்னது. மார்க்கெட்டுக்குப் போன காலைகளில் வெறும் வயிற்றில் 165, 172, 168. பையன் போய்க் காய் எடுத்து வந்து அண்ணன் ஆறரை வரை தூங்கிய இரண்டு நாட்களில் 146, 141. இரண்டு நாளை வைத்து ஆய்வு என்று சொல்லக்கூடாது, முந்தின ராத்திரி என்ன சாப்பிட்டார் என்பதும் கணக்கில் உண்டு. ஆனால் விடியும் நேரத்தில் கல்லீரல் தானாகவே சர்க்கரையை அவிழ்த்துவிடும், நாளைத் தொடங்க உடல் செய்யும் ஏற்பாடு அது, அந்த நேரத்தில் அலாரம் வைத்து எழுந்து ஓடுகிறவருக்கு அது இன்னும் ஏறினால் ஆச்சரியம் இல்லை.

இதில் ஒரு வட்டமும் இருக்கிறது. ரத்தத்தில் சர்க்கரை 180-ஐத் தாண்டினால் சிறுநீரகம் அதைச் சிறுநீரில் தள்ளத் தொடங்கும், ராத்திரி இரண்டு முறை எழ வேண்டிவரும், தூக்கம் உடையும், அது காலைச் சர்க்கரையைக் கூட்டும். எங்கே வெட்டினாலும் வட்டம் கொஞ்சம் தளரும்.

தூக்கமும் சாப்பாடும் கைகுலுக்கும் இடம் ஒன்று உண்டு: ராத்திரிச் சாப்பாட்டு நேரம். இதைத்தான் கடைசியில் பிடித்தோம். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் 2020-ல் ஆரோக்கியமான 20 பேருக்கு ஒரே சாப்பாட்டை மாலை 6 மணிக்கு ஒரு நாளும் ராத்திரி 10 மணிக்கு ஒரு நாளும் கொடுத்து, இரண்டு நாளும் 11 மணிக்கே படுக்க வைத்தார்கள். பத்து மணிச் சாப்பாட்டில் சர்க்கரையின் உச்சம் 18 சதவீதம் போலக் கூடுதல். இருட்டியபின் தூக்கத்துக்காகச் சுரக்கும் மெலடோனின், கணையம் இன்சுலின் விடுவதைக் கொஞ்சம் அடக்குகிறது. கணையம் கடை சாத்தும் நேரத்தில் போய்ச் சரக்குக் கேட்கிறோம். அண்ணனிடம் இதை இப்படித்தான் சொன்னேன், அவருக்கு உடனே புரிந்தது. கடை சாத்தும்போது வருகிற ஆளைப் பற்றி அவருக்கு நிறைய அபிப்பிராயம் உண்டு.

ஆக அவர் கேட்ட அந்த ஒன்று: ராத்திரிச் சாப்பாடு 7:30-க்கு, கடையிலேயே, டிபன் கேரியரில். என்ன சாப்பிடுவது என்று நாங்கள் சொல்லவில்லை. சொல்லாமலே சில நடந்தன. கேரியர் அடுக்கில் 420 கிராம் சோறு கொள்ளாது. மோருக்கு மூன்றாம் முறை போட அண்ணி பக்கத்தில் இல்லை. 10:45-க்கு வீட்டில் சாப்பாடு இல்லை என்றானதும் பதினொன்றுக்குப் படுக்கையில். சாப்பிட்டபின் கடைக்குள்ளேயே நடமாட்டம், சாமான் எடுத்துக் கொடுப்பது, அதுவும் லாபம்: நியூசிலாந்தில் 2016-ல் பார்த்ததில், நாளில் ஏதோ ஒரு நேரம் அரை மணி நடப்பதைவிட ஒவ்வொரு வேளை சாப்பாட்டுக்குப் பின்னும் பத்து நிமிடம் நடந்தபோது, ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரை 22 சதவீதம் குறைவாக இருந்தது.

காலைத் தூக்கத்துக்குத்தான் சண்டை. மார்க்கெட்டுக்குப் பையனை அனுப்பு என்றால் "அவன் சொத்தைக் கத்தரிக்காய் எடுத்து வருவான்" என்பார். வாரத்தில் மூன்று நாள் பையன், மீதி நாள் தான் என்று ஒப்பந்தம். கடையை ஒன்பதரைக்குச் சாத்துவதற்கும் முயற்சி செய்தேன். கடைசி முக்கால் மணி நேர வியாபாரத்தை ஒரு வாரம் தனியாகக் குறித்துப் பார்த்தார், கொசுவத்தி, பால் பாக்கெட், முட்டை, சில்லறைக் கடன். பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனாலும் சாத்த மனசு வரவில்லை, அதை அப்படியே விட்டுவிட்டேன்.

ஒரு எச்சரிக்கையை இங்கே சொல்லியே ஆக வேண்டும், இதைச் சொல்லாமல் யாராவது செய்து பார்த்துவிடக்கூடாது. கிளிமிபிரைடு மாதிரி மாத்திரையோ இன்சுலினோ ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் எடுப்பவர்கள், நேரத்தையோ சோற்றின் அளவையோ தடாலடியாக மாற்றினால் நடுராத்திரியில் சர்க்கரை 70-க்குக் கீழே போய்விடலாம். வியர்வை, கைநடுக்கம், படபடப்பு, காரணமில்லாத பயங்கரப் பசி. உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துக் கால் மணி நேரத்தில் மறுபடி அளக்க வேண்டும். நாங்கள் டாக்டரிடம் முதலில் கேட்டு, மாத்திரையையும் ஏழரைக்கு நகர்த்தி, முதல் வாரம் படுக்கும் முன் அளந்துவிட்டுத்தான் படுக்கவிட்டோம். மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு இந்தப் பயம் மிகக் குறைவு. சித்தப்பாவின் கட்சியையும் நான் தள்ளிவிடவில்லை, மூன்று மாதத்தில் எண் இறங்கவில்லை என்றால் மாத்திரையைக் கூட்டுவது தோல்வி இல்லை.

எல்லோருக்கும் இதே விடை வராது. ஏற்கெனவே ஏழு மணி நேரம் நன்றாகத் தூங்கி, எட்டு மணிக்குள் சாப்பிட்டு முடிக்கிறவருக்கு இந்தக் கட்டுரையில் தூக்கப் பகுதியால் பயன் இல்லை, நேராகத் தட்டைத் தராசில் வையுங்கள். எடை கூடி, சர்க்கரை புதிதாக வந்திருப்பவர் எடையைத்தான் முதலில் பார்க்க வேண்டும். குறட்டை பலமாக, நடுவில் மூச்சு நின்று திடுக்கென்று எழுகிறவர்கள் எத்தனை மணி நேரம் படுத்தாலும் தூங்கியதாகக் கணக்கில்லை, அவர்கள் முதலில் போக வேண்டியது தூக்கப் பரிசோதனைக்கு. மில்லில் ராத்திரி ஷிப்டு பார்ப்பவர்களிடம் சீக்கிரம் படு என்பது கிண்டல் மாதிரி இருக்கும். அவர்களுக்கு நடுராத்திரிச் சாப்பாட்டைச் சின்னதாக்கி, பகல் தூக்கத்துக்கு இருட்டறையும் அணைத்த போனும் கிடைத்தாலே பெரிய காரியம்.

ஏழு வாரம் ஆகிறது. அண்ணனின் காலைச் சர்க்கரை இப்போது 130-க்கும் 145-க்கும் இடையில் ஆடுகிறது, ஹெச்பிஏ1சி பார்க்க இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் இருக்கிறது. கல்லாவுக்குக் கீழே இருக்கும் டப்பா அப்படியேதான் இருக்கிறது, கொஞ்சம் மெதுவாகக் காலியாகிறது. நாங்கள் கணக்கில் சேர்க்காத செலவு ஒன்றை அண்ணிதான் போன வாரம் சொன்னார்: முன்பு எவ்வளவு லேட்டானாலும் இரண்டு பேரும் சேர்ந்து சாப்பிடுவார்கள், அந்த அரை மணி நேரம்தான் பேச்சே, இப்போது அண்ணி டிவி முன்னால் தனியாகச் சாப்பிடுகிறார். அதனால் ஞாயிற்றுக்கிழமை மட்டும் கடை மதியத்தோடு சாத்துகிறது. அன்று எட்டு மணிக்கு எல்லோரும் சேர்ந்து சோறுதான். யாரும் தராசை எடுப்பதில்லை.